டக் என்று பொருந்திய வயர்

இந்த நாட்டில் ஒன்பது வயதில் காது மெஷினுக்கு வயர் தேடிக் கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான். மறுக்கிறவர்கள் சாட்சியோடு வரட்டும். ஒருகொடவத்தையில் யாரிடம் கேட்டாலும் என் கடைக்கு வழி காட்டுவார்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் லொறி உதிரிப்பாகம் என்று வந்தால் என் கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் ஒரு பெயாரிங்கைத் தந்து பாருங்கள். எந்த லொறி, முன் சில்லா பின் சில்லா என்று சொல்லுவேன். படித்த இஞ்சினியர்மார் போன் எடுத்துக் கேட்கிறார்கள். நானும் கொஞ்சம் யோசிப்பதுபோல இருந்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். உடனே சொன்னால் மதிக்கமாட்டார்கள்.

போன மாதம் மகள் என்னை வெள்ளவத்தைக்குக் கூட்டிச் சென்று காதுக்கு மெஷின் போட்டுவிட்டாள். இப்போதைய மெஷின் புளியங்கொட்டை அளவுதான். காதுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. தலைமுடி போன்ற ஒரு வயர். நுனியில் சின்ன ரப்பர் குடை. அங்கே வேலை செய்கிற பிள்ளை ஒரு தட்டில் வயர்களையும் குடைகளையும் பரப்பிவைத்து எனக்கு விளக்கினாள்.

"அங்கிள், இதெல்லாம் பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆனா உங்கட மெஷினுக்கு இந்த வயர்தான். பழுதாப்போனா வேற எங்கயும் வாங்கி மாட்டிப்போடாதேங்கோ."

"பிள்ளை, இந்தப் பாடத்தை நான் படிச்ச நேரம் உங்கட அம்மாவே பிறந்திருக்கமாட்டா" என்றேன். மகள் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். அதனால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் இருந்தோம். பெரியப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். பெரியப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். மேலே கூண்டுக்குள் இருந்துகொண்டு, கீழே கப்பல் தட்டில் நிற்கிறவன் காட்டும் கைச்சைகையைப் பார்த்துப் பாரத்தை ஏற்றி இறக்குவார். அந்த இரைச்சலுக்குள் வாயால் சொல்லி ஒன்றும் ஆகாது. விரல் ஒன்று மடங்கினால் நிறுத்து, உள்ளங்கை திரும்பினால் இறக்கு. அந்த இரைச்சலே மெல்ல மெல்ல அவருடைய காதைத் தின்றுவிட்டது. காது போன ஆளைக் கூண்டில் வைத்திருக்க முடியாது என்று கீழே இறக்கி, சாமான் அறையில் சாக்குக் கட்டுகிற வேலையைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவருடைய முகத்தைப் பார்த்து வாயை அகலத் திறந்து கதைத்தால்தான் அரைவாசியாவது விளங்கிக்கொள்வார்.

அந்த நாளில் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு பறங்கிக் குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றது. மற்றவர்கள் கட்டிலும் அலுமாரியும் வாங்கப் போனார்கள். பெரியப்பா ஒரு காது மெஷினோடு திரும்பி வந்தார். செத்துப்போன ஒரு துரையின் மெஷின். காதுக்குள் வைக்கிற அச்சை மட்டும் வெள்ளவத்தைக் கடையொன்றில் தன் காதுக்கு அளவெடுத்துச் செய்துகொண்டார்.

சிகரெட் பெட்டி அளவில் ஒரு பெட்டி. சட்டைப்பைக்குள் கொழுவிக்கொள்ளலாம். உள்ளே ஒரு பென்டோர்ச் பற்றரி. பெட்டியிலிருந்து முறுக்கிய வயர் ஒன்று கழுத்தோரமாக ஏறிக் காதுக்குப் போகும். வயரின் நுனியில் கோட்டுப் பொத்தான் போல ஒன்று. சத்தம் அதற்குள்ளிருந்துதான் வரும். அதைக் காது அச்சில் வைத்து அமர்த்தினால் டக் என்று பிடித்துக்கொள்ளும்.

ஒருநாள் மத்தியானம் பெரியப்பா அந்தப் பொத்தானைக் கழற்றி என் காதில் வைத்தார். தகரக் கூரையில் காகம் நடந்தது. அதன் நகம் ஒவ்வொன்றும் கேட்டது. குசினியில் பெரியம்மா சுளகில் அரிசி புடைத்தது கடல் இரைவதுபோல இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா பேப்பர் திருப்பினார். பெரியப்பாவின் சட்டை பெட்டியில் உரசியபோது இடி இடித்தது, நான் தலையைக் குனிந்துகொண்டேன். உலகம் இவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டா இருந்தது, எனக்குச் சொல்லாமல்? அன்று முதல் எங்கள் ஒழுங்கையிலேயே பெரிய மனிதர் பெரியப்பாதான் என்று முடிவு செய்தேன்.

இந்த முடிவுக்கு வந்தவன் நான் மட்டுமல்ல. மட்டக்குளிப் பக்கம் ஆற்றோரத்தில் ஒரு திடல் இருந்தது. எங்கள் ஒழுங்கைப் பெடியன்களும் மட்டக்குளிப் பெடியன்களும் அங்கே ரப்பர் பந்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். முன்பெல்லாம் எந்த ஆட்டமும் முடிந்ததில்லை. பந்து துடுப்பில் பட்டது, படவில்லை என்று தொடங்கி, விக்கெட்டுகளைப் பிடுங்கி அடிபடுவதில் நிற்கும். யாரோ ஒருவன் பகிடிக்குப் பெரியப்பாவை அம்பயராக நிறுத்தினான். அன்றோடு சண்டை நின்றது. பந்து பட்டதா என்று கேட்டால், பெரியப்பா சட்டைப்பையின் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார். பிறகு விரல் மேலே போகும், அல்லது தலை ஆடும். ரப்பர் பந்து துடுப்பில் உரசுகிற சத்தம் எலி மூச்சு விடுகிற சத்தம். அதையே பிடித்துத் தருகிற மெஷினோடு யார் வாதாடுவது? "மெஷின் சொல்லிப்போட்டுதடா" என்றபடி ஆட்டமிழந்தவன் துடுப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பான்.

"வீட்டில இந்த மனிசன் சொல்லுறதை நாய்கூடக் கேக்கிறேல்ல. அங்க போனா ரெண்டு ஊர்ப் பெடியளும் வாயைப் பொத்திக்கொண்டு நிக்குதுகள்" என்று பெரியம்மா சொல்வாள். கிண்டலாகத்தான் சொல்வாள். ஆனால் திடலுக்குப் போகிற நாளில் அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போடுகிறவளும் அவள்தான்.

சித்திரைப் புதுவருடத்துக்கு முந்திய வாரம், பயிற்சி ஆட்டமொன்றில், ஓட்டம் எடுக்க ஓடிவந்த தடியன் ஒருவன் பெரியப்பாவில் மோதினான். வயர் அறுந்தது. பொத்தான் தெறித்து விழுந்தது. அதே தடியன் நிலைதடுமாறி அதன் மேலேயே காலை வைத்தான். பெட்டிக்கும் காது அச்சுக்கும் ஒரு கீறலும் இல்லை. இடையில் இருந்ததுதான் சப்பளிந்து போனது.

செய்தி மட்டக்குளிக்குப் போக எவ்வளவு நேரம்? அடுத்தநாளே அவர்களின் கப்டன் எங்கள் ஒழுங்கைக்கு வந்துவிட்டான். மீன் வாடியில் வேலை செய்கிறவன், வாயாடி.

"அங்கிள், புதுவருச மெச்சுக்கு மெஷின் இல்லாட்டி நீங்கள் வேணாம். எங்கட மாமா ஒருத்தர் இருக்கிறார், அவரை நிப்பாட்டுவம். ரெண்டு காதும் நல்லாக் கேக்கும்."

பெரியப்பா அவனுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கவில்லைபோல. பெரியம்மா அவருடைய காதுக்குள் கத்தினாள்: "மெஷின் இல்லாட்டி நீங்கள் வேணாமாம்."

கூண்டிலிருந்து இறக்கிய நாளிலும் இப்படித்தான் யாரோ அவருடைய காதுக்குள் கத்தியிருப்பார்கள். பெரியப்பா வாசற்படியில் குந்தி இருந்து செருப்பைத் துடைக்கத் தொடங்கினார். துடைக்க ஒன்றும் இல்லாத செருப்பு. எனக்கு அழுகை வந்தது. கப்டனைப் பார்த்து, "மெஷின் வரும்" என்றேன். எங்கிருந்து வரும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

மறுநாள் பெரியப்பாவும் நானும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனோம். பெரியப்பாவுக்குக் கடிதம் வாசிக்க அப்பா வேண்டும், சத்தமாகக் கதைக்க நான் வேண்டும். கடிதம் ஒன்றும் இல்லாதபடியால் நான் போதும்.

காலி வீதியில் மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும் விற்கிற கடை. டை கட்டிய ஐயா ஒருவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது சரியான பழைய சாமான். இதுக்கு வயர் இப்ப வாறதில்ல. வெளிநாட்டுச் சாமான் ஒண்டுமே வாறதில்லையே. உங்கட அப்பாவுக்குச் சொல்லும்."

"அப்பா இல்ல, பெரியப்பா" என்றேன். "பழுதாப்போன மெஷின் எல்லாத்தையும் என்ன செய்யிறனீங்கள்?"

இந்தக் கேள்வியை நீங்கள் கவனிக்கவேண்டும். பழைய லொறிகளை உடைத்து, ஒன்றின் எலும்பை இன்னொன்றுக்கு வைத்துத்தான் நான் கடை திறந்தேன், வீடு கட்டினேன், பிள்ளைகளைப் படிப்பித்தேன். அவ்வளவுக்கும் மூலதனம் அன்று ஒன்பது வயதில் கேட்ட அந்தக் கேள்விதான். யாரும் சொல்லித் தரவில்லை.

ஐயா சிரித்துவிட்டு ஒரு பழைய பிஸ்கட் தகரத்தை எடுத்துவந்து வைத்தார். உள்ளே வயர்களும் பொத்தான்களும் நண்டுக் குஞ்சுகள் போலச் சிக்குப்பட்டுக் கிடந்தன. நான் நிலத்தில் சம்மாணம் கட்டி இருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். சிலதில் மூன்று முள். எங்கள் பெட்டியில் இரண்டு துளை, ஆகவே அவை இல்லை. சிலதில் இரண்டு முள், ஆனால் இரண்டும் ஒரே தடிப்பு. எங்கள் பெட்டியில் ஒரு துளை தடிப்பு, ஒரு துளை மெல்லிசு. மாறிப் போகாமல் இருக்க அப்படி. அதுவும் யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டேன். முள் சரிவந்தால் பொத்தான் சரிவரவில்லை. ஒன்று காது அச்சில் லொடலொடவென்று ஆடியது. இன்னொன்று அமரவே மாட்டேன் என்றது. பெரியப்பா கதிரையில் இருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தகரத்தின் அடியில் ஒன்று கிடந்தது. ஒரு முள் தடிப்பு, ஒரு முள் மெல்லிசு. பெட்டிக்குள் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. எழுந்து போய்ப் பொத்தானைப் பெரியப்பாவின் காதில் வைத்து அமர்த்தினேன்.

டக்.

அந்தச் சத்தத்துக்கு நிகராக நான் வாழ்நாளில் ஒரு சத்தமும் கேட்டதில்லை. கடவுள் உலகத்தை உண்டாக்கிக் கடைசியாக மூடியைப் போட்டபோது இப்படித்தான் சத்தம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். டை கட்டிய ஐயா எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டி இங்கிலீசில் ஏதோ சொன்னார். நான் அதை என்னைப் பாராட்டியதாக எடுத்துக்கொண்டேன்.

பெரியப்பா பெட்டியில் சத்தம் கூட்டுகிற சில்லைத் திருகினார். ஒரு பக்கம் முழுக்கத் திருகிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். நான் அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "கேக்குதா, பெரியப்பா? கேக்குதா?" என்று கத்தினேன். அவர் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"ஓம்" என்றார். "கேக்குது."

புதுவருட ஆட்டத்துக்கு எங்கள் ஒழுங்கை முழுக்கத் திடலுக்கு வந்திருந்தது. வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் பெட்டி, கழுத்தோரமாக நான் கண்டுபிடித்த வயர். மட்டக்குளிக் கப்டன் சுற்றிவந்து பார்த்தான்.

"வயர் வேற நிறமா இருக்கு" என்றான். "டெஸ்ட் பண்ணிப் பாக்காம நாங்கள் ஒப்புக்கொள்ளமாட்டம்."

எங்கள் பெடியன்கள் கத்தினார்கள், அவன் விடவில்லை. "அங்கிளுக்குப் பின்னால நிண்டு ரகசியமா ஒண்டு சொல்லுவன். கேட்டா அம்பயர். கேக்காட்டி மாமா." நான் பெரியப்பாவுக்கு முன்னால் நின்று இதைச் சத்தமாக, வாயை அகலத் திறந்து சொன்னேன். பெரியப்பா தலையாட்டிவிட்டு என் தோளைப் பிடித்தார்.

"நீ இந்த இடத்திலேயே நில்" என்றார்.

ஆகவே நான் அவருக்கு நேர் முன்னால் நின்றேன். கப்டன் பின்னால் போய், என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெல்லச் சொன்னான்:

"இந்தப் பொடியன்ட களிசான் பின்னால கிழிஞ்சிருக்கு."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. இரண்டு கையாலும் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டேன். அது உண்மைதான், சைக்கிள் கரியரில் கிழிந்தது. அம்மா தைத்துத் தருவதாகச் சொல்லிப் புதுவருடப் பலகாரத்தில் மறந்துவிட்டாள்.

பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "களிசான் கிழிஞ்சா காத்துப் போகும், நல்லது" என்றார். "நீ போய் ஆளை நிப்பாட்டு. வெயில் ஏறுது."

எல்லோரும் சிரித்தார்கள், கப்டனும் சிரித்தான். என் களிசானைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தும் எனக்கு வெட்கமே வரவில்லை. ஈயின் சத்தத்தில் சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல் கேட்டுவிட்டதே என் வயர். நான் கையை எடுத்துவிட்டேன், யாரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

ஆட்டத்தை நீட்டி முழக்கப்போவதில்லை. கடைசிச் சோடியில் என் அண்ணன் நின்றான். இன்னும் நாலு ஓட்டம் எடுத்தால் எங்களுக்கு வெற்றி. பந்து வந்தது, அண்ணன் துடுப்பை வீசினான், கீப்பர் பிடித்தான். மட்டக்குளி முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு கத்தியது. எங்கள் ஆட்கள் படவில்லை, படவில்லை என்று கத்தினார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திடலில் யாருக்கும் கேட்டிருக்காது.

பெரியப்பா சட்டைப்பையின் மேல் கையை வைத்தார். எல்லாச் சத்தமும் அடங்கியது. அந்த அமைதியை நான் கோயிலிலும் கண்டதில்லை, நீதிமன்றத்திலும் கண்டதில்லை, இரண்டுக்கும் போயிருக்கிறேன். பிறகு விரல் மேலே போனது.

தன் தம்பியின் மகனுக்கு. தன் ஒழுங்கைக்கு எதிராக.

அண்ணன் ஒரு கணம் நின்றான். அப்புறம் துடுப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான். மட்டக்குளிக் கப்டன் ஓடிவந்து பெரியப்பாவின் இரண்டு கையையும் பிடித்து, "அங்கிள், இனி எங்களுக்கு வேற அம்பயர் வேணாம்" என்றான். அவனுடைய வாயைப் பெரியப்பா பார்த்துக்கொண்டே நின்றார். இந்த முறை யாரும் காதுக்குள் கத்தவேண்டி வரவில்லை. அண்ணன் வீட்டில் அம்மாவிடம் ஒப்புக்கொண்டான்: பட்டதாம். கைப்பிடியில் மெல்லிசாக ஒரு அதிர்வு வந்ததாம். "பட்ட உடன நான் திரும்பிக் கீப்பரைப் பாத்தன். படாட்டி ஏன் பாக்கப்போறன்?" என்றான்.

அண்ணன் திரும்பிப் பார்த்ததை நான் கவனிக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் பந்தைத்தான் பார்த்தோம்.

நான் கடை திறந்த புதிதில் ஒருவர் கார் லைட் சரியாக எரியவில்லை என்று வந்தார். கழற்றிப் பார்த்தால் லொறி பல்ப் போட்டிருக்கிறார். அடிப்பாகம் ஒன்றுதான், திருகினால் டக் என்று பிடிக்கும். ஆனால் லொறிக்கு இருபத்துநாலு வோல்ற், காருக்குப் பன்னிரண்டு. பல்ப் எரிந்ததுதான், மின்மினிப்பூச்சி அளவுக்கு. "பொருந்தினதே ஐயா" என்று அவர் சொன்னார். நான் அந்தப் பல்பைக் கையில் வைத்துக்கொண்டு, கடை வாசலில் நின்றுவிட்டேன். வெள்ளவத்தை ஐயா இங்கிலீசில் என்ன சொல்லியிருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெரியப்பாவிடம் கேட்க, அவர் அப்போது உயிரோடு இல்லை. அந்த ஆட்டத்துக்குப் பிறகு எத்தனையோ வருடம் அந்தத் திடலில் அவர்தான் அம்பயர்; கடைசிவரைக்கும் அந்த வயரைத்தான் மாட்டிக்கொண்டு போனார்.

ஆனால் அந்தப் புதுவருடத்தன்று எனக்கு இவை எதுவும் தெரியாது. தோற்ற கோபத்தில் எங்கள் ஆட்கள் எங்களை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டார்கள். பெரியப்பாவும் நானும் மட்டக்குளியிலிருந்து நடந்து வந்தோம். அவர் முன்னால், விக்கெட் தடிகளைத் தோளில் வைத்துக்கொண்டு நான் பின்னால். எனக்கு வாய் மூடவில்லை.

"பெரியப்பா, அண்ணன்ர துடுப்பில பட்டது என்ன மாதிரிக் கேட்டது? நெருப்புப்பெட்டியில குச்சி உரசின மாதிரியா?"

"ஓம்" என்றார், திரும்பாமல்.

"இல்லாட்டி, காகம் கூரையில நடந்த மாதிரியா?"

"ஓம்."

"ஆர் தேடின வயர், பெரியப்பா?"

"ஓம், ஓம்."

பின்னால் ஒரு பஸ் வந்தது. சாரதி ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி சிங்களத்தில் கெட்ட வார்த்தை சொன்னான். நான் தடிகளோடு தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் பாய்ந்தேன். பெரியப்பா நடுத்தெருவில் அப்படியே போய்க்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த முதுகு, நடை ஒன்றுகூட வேகமாகவில்லை. பஸ்தான் கடைசியில் வேகத்தைக் குறைத்து, அவரைச் சுற்றி, மற்றப் பக்கத்தால் போனது.

நான் கானுக்குள் நின்றபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்கும் வழிவிடாத மனிதர் ஒருவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.